நின்டெண்டோ ஸ்விட்ச் சார்ஜர் சொருகினபடியே கீழே விழுந்துச்சு, சார்ஜ் ஏறல: போர்ட்டா, ஐசியா, போர்டே போச்சா?

பழைய_வண்ணாரப்பேட்டை

நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல், மாடல் எச்.ஏ.சி-001, 2017-ல் வந்த முதல் ரகம். லைட் மாடலும் இல்ல, ஓலெட் மாடலும் இல்ல. சார்ஜர் சொருகியிருந்தப்பவே கட்டில்லேருந்து விழுந்து, பிளக் மேலேயே அடி. ஸ்க்ரீன், டச், சவுண்ட் எல்லாம் சரியா இருந்துச்சு. இருந்த சார்ஜ் தீர்ந்ததோட படுத்துடுச்சு. பிளக்கை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சா எப்பவாவது பேட்டரி படம் வந்து போகுது. விழுந்த அன்னிக்கே டாக்ல (டிவியோட இணைக்கற ஸ்டாண்ட்) வெச்சுப் பார்த்தேன், டிவில படம் வரல.

ரெண்டு கடைல காட்டியாச்சு. ஒருத்தர் "பேட்டரி போச்சு"ன்னார், இன்னொருத்தர் "போர்டே மாத்தணும்"னார். ரெண்டு பேருமே மீட்டர் வெச்சுப் பார்க்கல.

என் கேள்வி: சார்ஜர் சொருகற போர்ட்டா, உள்ள இருக்கற ஐசி சிப்பா, மெயின் சர்க்யூட் போர்டா, எது போயிருக்குன்னு வீட்லயே கண்டுபிடிக்க வழி உண்டா? போர்டு மாத்தினா கேம் சேவ் (விளையாடி சேர்த்து வெச்ச டேட்டா) என்னாகும்? இதுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி தெரு போயே ஆகணுமா, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கமே முடியுமா?

---

மல்டிமீட்டர்

முதல்ல ஒண்ணு: அழுத்திப் பிடிச்சு சார்ஜ் போடறதை இப்பவே நிறுத்துங்க. காரணம் கீழே சொல்றேன்.

பேட்டரி போயிருந்தா டாக்ல படம் வராம இருக்க வேற காரணம் தேவை. பிளக் மேல அடி பட்டு, அன்னிக்கே சார்ஜும் டிவியும் சேர்ந்து போயிருக்குன்னா சந்தேகம் டைப்-சி போர்ட் மேலதான். ஆனா ஊகிச்சு ஹீட் வைக்கக் கூடாது, அளந்து பார்க்கணும்.

வேண்டியது ஒரு டைப்-சி டெஸ்டர், வோல்ட்டும் ஆம்பியரும் காட்டற குட்டி மீட்டர். ஒரு முனை சி ஆண் (சொருகற பக்கம்), மறு முனை சி பெண் (ஓட்டை பக்கம்). ஒரிஜினல் சார்ஜரோட ஒயர் கழற்ற முடியாதது, அதனால டெஸ்டர் கன்சோல் பக்கம்தான் உட்காரும். ஏ-டைப் (பழைய செவ்வக யூஎஸ்பி) டெஸ்டர் இதுக்கு ஆகாது. ஏ-டைப்ல 5 வோல்ட் எப்பவுமே இருக்கும். சி-டைப்ல எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்குன்னு சிசி பின் வழியா தெரிஞ்சாதான் சார்ஜர் வோல்டேஜையே விடும். நமக்குத் தெரிய வேண்டியதே அந்தப் பேச்சுவார்த்தை நடக்குதா இல்லையாங்கறதுதான்.

ஒரிஜினல் சார்ஜர் மேல எழுதியிருக்கும் பாருங்க: 5 வோல்ட் 1.5 ஆம்பியர், 15 வோல்ட் 2.6 ஆம்பியர். நல்ல ஸ்விட்ச் முதல்ல 5 வோல்ட் வாங்கி, உடனே பேசி 15-க்கு ஏறிடும். டெஸ்டரை கன்சோல்ல சொருகிப் பாருங்க, அப்புறம் தலைகீழாத் திருப்பி இன்னொரு தடவை.

ரெண்டு பக்கமும் 15 வோல்ட், ஆம்பியரும் ஓடுதுன்னா போர்ட் நல்லா இருக்கு, பேட்டரி பக்கம் போகலாம். ஒரு பக்கம் 15, மறு பக்கம் டெஸ்டர் எரியவே இல்லன்னா போர்ட் பின் போச்சு, சந்தேகமே வேண்டாம். ரெண்டு பக்கமும் 5 வோல்ட்லயே நின்னு, 0.4 ஆம்பியர் சுமாருக்கு இழுத்துட்டு 15-க்கு ஏறவே இல்லன்னா எம்92டி36 ஐசி மேல கை வைக்கணும். சார்ஜரோட பவர் பேரம் பேசறது அந்த ரோம் கம்பெனி ஐசிதான். ரெண்டு பக்கமும் இருட்டுன்னா முதல்ல சார்ஜரையே சந்தேகப்படுங்க. சுவர்லேருந்தும் கன்சோல்லேருந்தும் பிடுங்கி அரை நிமிஷம் விட்டு மறுபடி போடுங்க, அதோட பாதுகாப்பு லாக் விடும்.

அழுத்திப் பிடிக்கக் கூடாததுக்குக் காரணம்: டைப்-சி போர்ட்ல 24 பின். 15 வோல்ட் வர்ற விபஸ் பின் ஏ4, அதை ஒட்டி அடுத்ததா இருக்கறது ஏ5, அதான் சிசி. எதிர் வரிசைலயும் பி4, பி5 அதே கதை. வளைஞ்ச பின் பக்கத்துல இருக்கறதைத் தொட்டா 15 வோல்ட் நேரா சிசி-க்குப் போகும். எம்92 அந்தக் காலில் 15-ஐத் தாங்காது. போர்ட் மாத்தறதோட முடியற வேலை, ஐசி மாத்தற வேலையா ஆயிடும்.

---

உப்புக்காத்து_காசிமேடு

நண்பா, டெஸ்டர் வாங்கறதுக்கு முன்னாடி போர்ட் உள்ளே டார்ச் அடிச்சுப் பாரு. நடுவுல நாக்கு மாதிரி கருப்பு பிளாஸ்டிக் இருக்கும்ல, அது சாஞ்சிருக்கா, உடைஞ்சிருக்கா? பச்சையா ஏதாச்சும் பூத்திருக்கா? ராயபுரம், காசிமேடு, திருவொத்தியூர்னு கடல் ஓரமா இருக்கற வீடுங்கள்ல திறந்தே கிடக்கற போர்ட் எல்லாம் உப்பு ஈரத்துல பச்சை புடிக்கும். விழுந்ததுதான் காரணம்னு நினைச்சிட்டு இருப்போம், பாதி காரணம் அதுவா இருக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிசு பிரஷ்ஷால தேய், காய விடு, அப்புறம் அளந்து பாரு. தின்னர், பெட்ரோல் பக்கமே போவாத, பிளாஸ்டிக்கைத் தின்னுடும். குண்டூசி விட்டு நோண்டவே நோண்டாத.

கடை விஷயம்: நின்டெண்டோவுக்கு இந்தியாவுல நேரடி கடையோ சர்வீஸ் சென்டரோ கிடையாது, எல்லாம் வெளியேருந்து வர்ற சரக்குதான். அதனால போர்டு லெவல் வேலை தெரிஞ்ச ஆள்தான் வேணும், வாசல்ல "கேம் கடை"ன்னு பேர்ப் பலகை இருக்கணும்னு அவசியம் இல்ல. ஐபோன் போர்டை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வெச்சு சால்டர் பண்ற ஆளுக்கு இது பெரிய வேலையே இல்ல. அப்படி ஆளு உங்க எம்.சி. ரோடு பக்கமே இருந்தா விட்டுடாத. இல்லாட்டி ரிச்சி தெருதான். தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா மாறாம அரசினர் தோட்டம் ஸ்டேஷன், அங்கேருந்து நடை தூரம். ஞாயித்துக்கிழமை போவாத, முக்காவாசி கடை ஷட்டர் போட்டிருக்கும். பர்மா பஜார்ல கேபிள், கவர் வாங்கலாம். சார்ஜர் வாங்கினா அங்கேயே டெஸ்டர்ல போட்டு 15 வோல்ட் வருதான்னு பார்த்துட்டுத்தான் காசை எடு.

கடைல மூணே மூணு கேள்வி கேளு. மைக்ரோஸ்கோப் இருக்கா? போர்ட் எடுக்கறதுக்கு முன்னாடி போர்டுக்கு அடியிலேருந்து ஹீட் குடுப்பியா? கழட்டின பழைய பார்ட்டைக் கையில தருவியா? மூணாவதுக்கு மூஞ்சி சுளிச்சா கிளம்பிடு.

---

ஈயக்கம்பி

சேவ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் முக்கியம். ஸ்விட்ச்சில் கேம் சேவ் மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்காது; உள் மெமரியில்தான் இருக்கும். முதல் ரக ஸ்விட்ச்சில் அந்த 32 ஜிபி மெமரி தனிச் சின்ன போர்டாகக் கழன்று வரும். அதைப் பார்த்துவிட்டு "மெமரியைப் புதுப் போர்டில் மாட்டித் தருகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். நடக்காது. அதில் இருப்பது அந்தந்த பிராசஸருக்கே உரிய சாவியால் பூட்டிய டேட்டா, வேறு போர்டில் திறக்காது. லைட் மாடலில் மெமரி போர்டோடு சால்டர் செய்தே இருக்கும். ஆக, போர்டு மாற்றினால் சேவ் போனது போனதுதான். நின்டெண்டோ ஆன்லைன் சந்தா இருந்து கிளவுடில் (இணையச் சேமிப்பில்) ஏறியிருந்தால் மட்டும் திரும்பும். போக்கிமான் ஸ்வோர்டு, ஷீல்டு மாதிரி சில கேம்களுக்கு அந்தக் கிளவுடும் இல்லை.

இனி வேலை. நீங்களே செய்யாவிட்டாலும் கடைக்காரர் செய்வது சரியா என்று பார்க்க உதவும்.

ஜாய்-கான் (பக்கத்தில் மாட்டும் கண்ட்ரோலர்), கேம் கார்டு, மைக்ரோ எஸ்டி மூன்றையும் முதலில் வெளியே எடுக்க வேண்டும். பின் மூடியில் நான்கு மூலையிலும் மூன்று கால் ட்ரை-விங் ஸ்க்ரூ, ஒய்00 திருப்புளி வேண்டும். மற்றவை சாதாரண பிலிப்ஸ் மாதிரி தெரியும், ஆனால் ஜே.ஐ.எஸ் (ஜப்பான் தர அளவு) 000 முனைதான் சரியாக உட்காரும்; பிலிப்ஸ் முனையால் திருகித் தலையை மழித்துவிட்டுத்தான் பாதிப் பேர் கடைக்கே வருகிறார்கள். மேல் விளிம்பில் ஒன்று, கீழே இரண்டு, ஜாய்-கான் மாட்டும் பக்கத் தண்டவாளம் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒன்று. ஸ்டாண்டைத் தூக்கினால் எஸ்டி கார்டு குழிக்குள் இன்னொரு குட்டி ஸ்க்ரூ; இதை மறந்து நெம்பினால் மூடி உடையும். நீளங்கள் வேறு வேறு. ஒரு தாளில் கன்சோல் படம் வரைந்து ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள்.

மூடி வந்ததும் எஸ்டி ரீடர் போர்டு, பிறகு உலோகத் தகடு. தகட்டுக்கு அடியில் வெளிர்சிவப்புப் பசை மாதிரி இருப்பது வெப்பம் கடத்தத்தான். துடைத்து எறிந்துவிட்டுச் சும்மா மூடினால் பின்னால் சூடு பிரச்சினை வரும். அடுத்த வேலை பேட்டரி கனெக்டரை நேராக மேல்நோக்கித் தூக்கிக் கழற்றுவது. அதற்கு முன்னால் வேறு எந்த ரிப்பனையும் தொடக் கூடாது. ஸ்க்ரீன் ரிப்பனைப் பேட்டரி இணைப்போடு பிடுங்கினால் பேக்லைட் லைன் போகும், அது இன்னொரு தலைவலி. பேட்டரியையே பெயர்க்கத் தேவையில்லை. பசை பலமாக இருக்கும், உலோகத்தால் நெம்பிக் குத்தினால் தீப்பிடிக்கும்.

போர்ட் எடுப்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். 24 பின்னில் ஒரு வரிசைதான் கண்ணுக்குத் தெரியும், இன்னொரு வரிசை கூட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். நான்கு பக்கக் கால்களும் போர்டின் கிரவுண்டில் இருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பெனியில் வைத்த சால்டர் காரீயம் கலக்காதது, 217 டிகிரி சுமாரில்தான் உருகும். அதோடு 63/37 (63 பங்கு தகரம், 37 பங்கு காரீயம்) சால்டரைக் கலந்துவிட்டால் உருகுநிலை 183-ஐ நோக்கி இறங்கும், போர்டும் பிழைக்கும். அடியிலிருந்து 150 டிகிரி அளவு ப்ரீஹீட், சுற்றிலும் கேப்டான் (சூடு தாங்கும்) டேப்பும் அலுமினியத் தாளும், தாராளமாக ஃப்ளக்ஸ் (சால்டர் பசை), மேலே ஹாட் ஏர். போர்ட் தானாக மிதந்து அசையும் வரை இழுக்கக் கூடாது. பொறுமை இல்லாமல் இழுத்தால் போர்டில் உள்ள செம்புப் பேட் உரிந்து வரும், அப்புறம் 0.1 மி.மீ. எனாமல் கம்பியில் ஜம்பர் போட்டு உட்கார வேண்டியதுதான். புதிய போர்ட் போட்டதும் அருகருகே உள்ள பின்களில் மீட்டர் வைத்துப் பீப் கேட்கிறதா (கேட்டால் ஷார்ட்) என்று மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே பார்த்தாக வேண்டும். சரிபார்க்காமல் சார்ஜர் சொருகினால் மேலே மல்டிமீட்டர் சொன்ன 15 வோல்ட் கதை அப்போதுதான் நடக்கும்.

எம்92 போயிருந்தால் அதைச் சுற்றியுள்ள கப்பாசிட்டர்களில் ஒன்று கிரவுண்டுக்கு ஷார்ட் காட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். அப்படி இருந்தால் வீடியோவைத் திருப்பிவிடும் பெரிகாம் ஐசியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து போவது சகஜம். சார்ஜிங் ஐசி பி.க்யூ.24193 இதில் அவ்வளவு சீக்கிரம் குற்றவாளி ஆகாது.

---

பழைய_வண்ணாரப்பேட்டை

டார்ச் அடிச்சுப் பார்த்தேன், நாக்கு லேசா ஒரு பக்கம் சாஞ்சிருக்கு, பச்சை எதுவும் இல்ல. டெஸ்டர் ரிசல்ட்: ஒரு பக்கம் சொருகினா 15.0 வோல்ட், 0.4 ஆம்பியர். திருப்பிச் சொருகினா டெஸ்டர் எரியவே இல்ல. 15 வந்ததும் உடனே பிடுங்கிட்டேன். ஒரு பக்கம் வேலை செய்யுதுன்னா டாக்ல ஏன் வரல?

---

மல்டிமீட்டர்

டாக்ல பிளக் ஒரே திசைலதான் நிக்கும், திருப்ப முடியாது. உங்க போர்ட்ல செத்த பக்கம் டாக்குக்கு நேரா அமைஞ்சிடுச்சு. கையால சொருகறப்பவும் பழக்கத்துல ஒரே பக்கமா போட்டிருப்பீங்க.

நல்ல செய்தி, 15-க்கு ஏறுதுன்னா எம்92 உயிரோட பேசுது. போர்ட் மட்டும் மாத்தினாப் போதும். "போர்டு மாத்தணும்"னு சொன்ன கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

கடைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி கேம் சேவ் எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்திடலாம், அதுக்கு முதல்ல சார்ஜ் ஏறணும். ஒரிஜினல் சார்ஜர் வேண்டாம். பழைய போன் சார்ஜர், ஏ-டைப் வெளியீடு, வெறும் 5 வோல்ட், ஃபாஸ்ட் சார்ஜ் இல்லாதது. ஏ-டு-சி கேபிள். வேலை செய்யற பக்கமா சொருகி, கன்சோலை ஆஃப்லயே வெச்சு, கேபிள் அசையாம மேஜை மேல விடுங்க. பின் ஒண்ணோட ஒண்ணு உரசினாலும் 5 வோல்ட்டுக்கு சிசி தாங்கும். பல மணி நேரம் ஆகும், 4310 மில்லிஆம்பியர் பேட்டரி. ரொம்ப காலியா இருந்தா முதல் அரை மணி நேரம் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியாது, பதறாதீங்க. அப்பவும் எழுந்திருக்கலன்னா பவர் பட்டனை 12 விநாடிக்கு மேல அழுத்திப் பிடிச்சு விட்டு, ஒரு தடவை தட்டுங்க.

---

ஈயக்கம்பி

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கிளவுடில் ஏறாத கேம் இருந்தால் இன்னொரு ஸ்விட்ச்சைக் கடன் வாங்கி யூசர் டிரான்ஸ்ஃபர் செய்யலாம், ஆனால் அது நகர்த்துவதுதான், நகல் அல்ல. நடுவில் சார்ஜ் தீரக் கூடாது, பாதியாவது ஏறிய பிறகு தொடங்குங்கள்.

வேலை முடிந்து வாங்கும்போது கடையிலேயே டெஸ்டரை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு 15 வருகிறதா என்று பாருங்கள். டாக்கையும் எச்.டி.எம்.ஐ. கேபிளையும் கையோடு கொண்டு போங்கள். சார்ஜ் ஏறுவதற்கு நாலைந்து பின் சரியாக இருந்தால் போதும், டிவியில் படம் வர வேகமான ஜோடிப் பின்களும் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். சார்ஜ் ஏறுகிறது என்று வாங்கி வந்து, வீட்டில் டாக்கில் வைத்ததும் படம் வராமல் திரும்ப ஓடுபவர்கள் அதிகம். எஸ்டி கார்டையும் போட்டுப் பாருங்கள், ரீடர் போர்டை அழுத்தி மாட்டாமல் மூடிவிடுவார்கள்.

---

பழைய_வண்ணாரப்பேட்டை

5 வோல்ட் சார்ஜர்ல நல்ல பக்கமா போட்டிருக்கேன். நாப்பது நிமிஷத்துல பேட்டரி படம் வந்துடுச்சு. சேவ் ஏத்திட்டு திங்கக்கிழமை ரிச்சி தெரு, டாக்கையும் தூக்கிட்டுப் போறேன்.