கண்மாய் பக்கத்துல பிளாட் வாங்கலாமா? வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

செல்லூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க செல்லூர்ல வாடகைக்கு இருக்கோம். 2024 அக்டோபர் 25 அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல கொட்டுன மழைய மதுரைக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பந்தல்குடி வாய்க்கால் தண்ணி தெருவுக்குள்ள வந்து எங்க வீட்ல கட்டில் மட்டத்துக்கு நின்னுச்சு. பிரிட்ஜ் அப்படியே மெதந்து குப்புற விழுந்துருச்சு, அரிசி டிரம், வாஷிங் மெஷின், பிள்ளைக புத்தகம் பூராம் போச்சு, வீட்டுக்குள்ள சாக்கடை வாடை போக பத்து நாளாச்சு.

இனிமே வாடகை வேணாம், சொந்தமா ஒரு இடம் வாங்கிருவோம்னு ஆனையூர் தாண்டி ஒரு லேஅவுட்ல மூணு சென்ட் பாத்து வச்சிருக்கோம். டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கு, பேங்க்லயும் லோன் தர்றேன்னுட்டாங்க. ஆனா பிளாட்ல நின்னு பாத்தா கண்மாய்க்கரை கண்ணுக்குத் தெரியுது, எனக்கு அதுலருந்து தூக்கம் போச்சு. புரோக்கரக் கேட்டா "பத்து வருசமா அந்தக் கண்மாய்ல தண்ணியே நிக்கலம்மா"ங்கிறாரு. வெள்ளம் வர்ற இடமா இல்லையான்னு நம்ம ஊருக்கு எதுவும் மேப் இருக்கா? நாளைக்கு வீட்டக் கட்டி தண்ணி வந்துட்டா இன்சூரன்ஸ் காசு குடுக்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, அடுத்த வாரம் அட்வான்ஸ் கேக்குறாங்க.

வைகைக்கரை:

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லு, உன் பிளாட்டு கரைக்கு எந்தப் பக்கம்? கண்மாய் பக்கத்துலன்னு பொத்தாம் பொதுவா சொன்னா ஒண்ணும் வெளங்காது. கரைக்கு உள்பக்கம், அதாவது உள்வாயில இருந்தா அது தண்ணி நிக்கிற எடம், அத பேச்சுக்குக் கூட வாங்கக் கூடாது. வெளிப்பக்கம்னா அந்தக் காலத்து ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாஞ்ச வயலு, அங்க பயம் வேற மாதிரி, மடைத்தண்ணி எந்த வாய்க்கால் வழியா போச்சு, கண்மாய் நெறஞ்சா மறுகால், அதாவது மிச்சத் தண்ணி, எங்கிட்டு பாயும், அத பாக்கணும். மறுகால் பாதையில வீடு கட்டுனவன் இருவது வருசம் நல்லாத்தான் இருப்பான், ஒரே ஒரு நாள் ராத்திரி கண்மாய் நெறையிறப்பதான் தெரியும்.

தண்ணியே நிக்கலங்கிற பேச்ச நம்பாத. நம்ம கண்மாயி எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சங்கிலி மாதிரி, மேல உள்ளது நெறஞ்சாத்தான் கீழ உள்ளதுக்கு வரும், நடுவுல தண்ணி வர்ற வரத்துக்கால அடைச்சு வச்சிருந்தா தண்ணி வராமதான் கெடக்கும், ஆனா பெருமழையில அடைச்ச எடத்த ஒடச்சுக்கிட்டு பழைய பாதையிலயே வந்து நிக்கும். அப்புறம் ஒரு விசயம், உங்க செல்லூர்ல வந்தது வைகைத் தண்ணி இல்ல. நாம எல்லாரும் வைகை அணை 66 அடி ஆச்சுன்னா மொத எச்சரிக்கை, 68.5க்கு ரெண்டாவது, 69க்கு மூணாவதுன்னு நியூஸ பாத்துக்கிட்டே இருக்கோம். அது ஆத்தங்கரைக்காரங்களுக்கு. 1993ல ஆத்துல வந்த வெள்ளத்த நான் யானைக்கல்லுல நின்னு பாத்தவன். ஆனா ஊருக்குள்ள பெய்யிற மழை கண்மாயில விழுந்து வாய்க்கால் கொள்ளாம தெருவுக்கு வர்றதுக்கு எந்த அணையும் சங்கு ஊதாது.

இப்ப செய்ய வேண்டியது. அரசாங்க இ-சர்வீசஸ் தளத்துல சர்வே நம்பர போட்டு அ-பதிவேடு எடு, அது எந்த நம்பர் என்ன வகை நிலம்னு சொல்ற வருவாய்த்துறைப் பதிவு, உன் நம்பர மட்டும் இல்ல, சுத்தி இருக்குற நம்பர் எல்லாத்தையும் போட்டுப் பாரு, எது கண்மாய் புறம்போக்கு எது ஓடை எது வாய்க்கால்னு அதுலயே இருக்கும். அந்த நம்பரோட எல்லைய வரைஞ்ச புல வரைபடத்தையும் எடுத்துக்க. அதோட கண்மாய் பக்கத்து லேஅவுட்டுன்னா நீர்வளத்துறைக்கிட்ட தடையின்மைச் சான்று வாங்கித்தான் அப்ரூவல் போயிருக்கணும், அந்த லெட்டரோட நகல கேளு. இத்தனை அடி மண்ணடிச்சு ஒசத்தணும், வாய்க்கால விட்டு இவ்வளவு தள்ளணும்னு கண்டிசன் போட்டிருப்பாங்க, அந்தக் கண்டிசன்ல எத செஞ்சாங்க எத செய்யலன்னு நேர்ல போய்ப் பாரு. நகல் தர மாட்டேன்னா அங்கயே எந்திரிச்சு வந்துரு.

பாலிசிக்காரன்:

அக்கா, நான் பதினாலு வருசமா ஜெனரல் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா இருக்கேன், உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். நம்மகிட்ட வெள்ளத்துக்குன்னு தனி பாலிசி தேவையில்ல. 2021 ஏப்ரல் 1லருந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரு வீட்டு பாலிசி இருக்கு, எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒரே வாசகத்துல குடுக்கணும்னு ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஆணையத்தோட உத்தரவு. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், தண்ணி சூழ்றது எல்லாமே அதுக்குள்ள வந்துரும். கட்டடத்துக்கு எடுத்தா வீட்டுச் சாமானுக்கு கட்டடத் தொகையில 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் தானா சேந்துரும். வீட்ல இருக்க முடியாம வேற வீட்டுக்குப் போனா அந்த வாடகையும் உண்டு. நகைக்கு மட்டும் தனியா சொல்லி எடுக்கணும்.

ஆனா ஒண்ண நல்லா புரிஞ்சுக்கங்க, மண்ணுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. தொகைய போடும்போது வீட்டத் திருப்பிக் கட்ட என்ன செலவாகும்னுதான் கணக்கு, இடத்தோட வெலை அதுல வராது. நீங்க தப்பான இடத்த வாங்கிட்டா அந்த நட்டத்த எந்தக் கம்பெனியும் குடுக்காது.

இன்னொண்ணு, சொன்னா உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும், வாடகைக்கு இருக்குறவங்களும் சாமானுக்கு மட்டும் இந்தப் பாலிசி எடுக்கலாம். அத யாரும் உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டாங்க. அப்புறம் கிளைம்னு வந்தா தண்ணி வடிஞ்ச ஒடனே நனைஞ்ச சாமான வண்டில ஏத்தி விட்ராதீங்க, நெறய பேரு அங்கதான் ஏமாந்து போறாங்க. சுவத்துல தண்ணி நின்ன கோட்டோட சேத்து போட்டோ எடுங்க, கம்பெனிக்கு ஒடனே தகவல் சொல்லுங்க, நட்டத்த மதிப்பிட கம்பெனி அனுப்புற சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் மொட்டை மாடியில போட்டு வைங்க. பேங்க்ல லோனோட சேத்து ஒரு பாலிசிய தலையில கட்டுவாங்க, அது உங்க உயிருக்கா வீட்டுக்கான்னு படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.

மகளூரு_அம்மா:

மேப் இருக்கான்னு கேட்டீங்கல்ல, அதுக்குத்தான் எழுத வந்தேன். எங்க வீடு அண்ணாநகர், மக அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல சீடார் ராப்பிட்ஸ்ல இருக்கா, லின் கவுண்டிங்கிறது அவிங்க மாவட்டம். அவ வீடு பாத்தப்ப நான் அங்கதான் இருந்தேன். அங்க வீட்டு அட்ரஸ கம்ப்யூட்டர்ல போட்டாலே ஃபீமாங்கிற அவிங்க பேரிடர் துறையோட வெள்ள மேப்புல எந்த ஸோன்னு வந்துரும். ஏஇ ஸோன்னா வருசத்துக்கு 100ல 1 பங்கு வெள்ள வாய்ப்பு உள்ள எடம். கேக்க கம்மியா இருக்கும், ஆனா 30 வருச லோன் முடியிறதுக்குள்ள ஒரு தடவையாவது வர்ற வாய்ப்பு 26 சதவீதம்னு மாப்பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டுனாரு. அந்த ஸோன்ல வாங்குனா வெள்ள இன்சூரன்ஸ் எடுக்காம பொதுவா பேங்க் லோன் கெடைக்காது. சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல அங்க வெள்ளம் சேராது, அதுக்கு 1968ல கவர்மெண்டே ஆரம்பிச்ச திட்டம் தனியா இருக்கு, வீட்டுக்கு 2,50,000 டாலர், சாமானுக்கு 1,00,000 டாலர் வரைக்கும்தான். பாலிசி போட்டு 30 நாள் கழிச்சுத்தான் பொதுவா அமலுக்கு வரும், மழை வர்றத பாத்துட்டு ஓடிப்போய் எடுக்க முடியாது.

அம்புட்டு மேப் இருந்தும் 2008 ஜூன்ல அந்த ஊருல சீடார் ஆறு 31 அடிக்கு மேல ஏறி, 500 வருசத்துக்கு ஒருக்கா வர்ற வெள்ளத்துக்குன்னு போட்டிருந்த கோட்டயும் தாண்டிருச்சு. மக வாங்குனது எக்ஸ் ஸோன்தான், அதாவது ஏஇய விட ஆபத்து கம்மின்னு போட்ட எடம், இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல, இருந்தும் அந்தத் தெருவுல வயசான ஒரு அம்மா அவிங்க வீட்டு கேரேஜ் சுவத்துல தண்ணி நின்ன எடத்த வெரல வச்சுக் காமிச்சாங்க, அத பாத்துட்டு ஒடனே பாலிசி போட்டா. மேப்ப விட பக்கத்து வீட்டுச் சுவத்த நான் நம்புறேன். நீங்களும் கண்மாயில ஆடு மேய்க்கிறவங்க, மடைய தொறந்த நீர்பாய்ச்சி குடும்பம் யாராவது இருந்தா போய்க் கேளுங்க.

செல்லூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கெழம நானும் வீட்டுக்காரரும் போனோம். ஐயா கேட்டீங்கல்ல எந்தப் பக்கம்னு, கரைக்கு வெளிப்பக்கம்தான், அத பாத்து நிம்மதியா இருந்துச்சு. ஆனா புல வரைபடத்துல எங்க பிளாட்டுக்கு முன்னாடி 23 அடி ரோடு இருக்குற எடத்துல ரெட்டைக்கோடு போகுது, அ-பதிவேட்டுல அந்த நம்பர போட்டா ஓடைன்னு வருது. நேர்ல பாத்தா செம்மண்ண அடிச்சு மட்டமா வச்சிருக்காங்க, ஓடையே தெரியல, ரோட்டு முடிவுல ஒரு குழாய் மட்டும் வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு, உள்ள ஒரு ஆளு கையி போகாத அளவுக்கு மண்ணு. ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த பெரியவருக்கிட்ட கேட்டோம், அவரு கம்ப நீட்டி கரையில ஒரு எடத்தக் காமிச்சாரு, "அதுதான் கலிங்கு, கண்மாய் நெறஞ்சா மறுகால் தண்ணி அங்கருந்து இப்படி வந்து இப்படி போகும்"னு. அவரு கம்பு போன வழியில எங்க பிளாட்டு வாசல் இருக்கு.

புரோக்கருக்கு போன் பண்ணி நீர்வளத்துறை லெட்டர் நகல் கேட்டேன், தர்றேன்னாரு, நாலு நாளாச்சு, இன்னும் வரல. அட்வான்ஸ் குடுக்கல. தம்பி, வாடகை வீட்டுச் சாமானுக்கு பாலிசி எடுக்க என்னென்ன பேப்பர் வேணும்னு மட்டும் சொல்லுங்க, அக்டோபருக்கு முன்னாடி எடுத்துரணும்.

பாலிசிக்காரன்:

பெருசா ஒண்ணும் வேணாம்க்கா, ஆதார், வாடகை ஒப்பந்தம், சாமான் என்ன என்ன இருக்கு எம்புட்டு மதிப்புன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. பில்லு இருந்தா எடுத்து வைங்க, இல்லாட்டி இன்னிக்கே ஒவ்வொண்ணையும் போட்டோ புடிச்சு மெயில்ல உங்களுக்கே அனுப்பி வச்சுக்கங்க, போன் தண்ணில போனாலும் அது இருக்கும்.