ஆயா வீட்டுக் குழுவில் ஆடிக் கூழ்

[காலை 6:42] விஜயா சித்தி: தெருக்கோயிலில் இருந்து நேற்று ராத்திரி ஆள் வந்தது. ஆடி இரண்டாம் ஞாயிறு யார் கூழ் என்று எழுதிக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் நம் வீடு. இந்த வருஷம் என்ன சொல்லட்டும்?

[6:49] நிர்மலா: நம் வீடுதான் என்று சொல்லுங்க சித்தி

[6:55] தனசேகர் சித்தப்பா: ஒரு வருஷம் ஆகவில்லை

[6:56] தனசேகர் சித்தப்பா: தலைதிவசம் முடியாமல் எப்படி

[7:02] கார்த்தி: ஆமாம், ஆயா கார்த்திகையில்தானே போனாங்க. எட்டு மாசம்.

[7:34] ஏழுமலை பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். தனசேகர் சொல்வதில் தப்பில்லை. துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. பொங்கலுக்கு நாம் பானை வைக்கவில்லை, வரும் தீபாவளிக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்கப்போவதில்லை. ஆனால் கூழ் நம் வீட்டுப் பண்டிகை இல்லை. அது தெருவுக்கு ஊற்றுவது. அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் இருநூறு பேர் நிற்பார்கள். மீன்பாடி வண்டிக்காரர் நிற்பார், இட்லிக்கடை அம்மா நிற்பாங்க, முனைவீட்டுப் பாய் பேரப்பிள்ளைகளை அனுப்பிவைப்பார். அவர்கள் யாருக்கும் தீட்டு இல்லை. இன்னொன்று, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் தீட்டு மூன்று நாள்தான். கஸ்தூரிக்கு அது எப்போதோ கழிந்தது. கஸ்தூரி கையால் ஊற்றட்டும், நாம் பின்னால் நின்று விறகு தள்ளலாம். அம்மா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாங்க என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

[7:35] நிர்மலா: அத்தை ஊற்றட்டும்

[7:36] கார்த்தி: அத்தைதான் சரி

[7:41] மோகன் மாமா: கஸ்தூரி கடைக்குப் போயிருக்கிறாள் மச்சான். வந்ததும் பார்ப்பாள்.

[7:52] தனசேகர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:53] கார்த்தி: சித்தப்பா?

[8:10] விஜயா சித்தி: குளிக்கப் போய்விட்டார்

[9:26] கஸ்தூரி அத்தை: படித்தேன் அண்ணா. எனக்கு ஆசை இல்லாமலா? அம்மா கையிலிருந்து துடுப்பை வாங்கிக் கிண்டிய கை இது. ஆனால் எந்த வாசலில் நின்று ஊற்றுவது? பங்கு வேண்டாம் என்று ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்த வாசல் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

[9:31] விஜயா சித்தி: அண்ணி, அதை ஏன் இப்போது

[9:33] சரோஜா பெரியம்மா: விடும்மா கஸ்தூரி

[9:34] கஸ்தூரி அத்தை: விட்டுவிட்டேன் அண்ணி. பங்கு கேட்கவில்லையே. அண்டாவைத்தான் கேட்டேன். அது என் சீர் அண்டா. அதுவும் பரண்மேல் கிடக்கிறது.

[9:40] நிர்மலா: கேழ்வரகு எவ்வளவு வாங்க வேண்டும் பெரியப்பா? மாதவரத்திலிருந்து வரும்போது எடுத்து வருகிறேன்.

[10:05] ஏழுமலை பெரியப்பா: நல்ல கேள்வி. கேழ்வரகு 10 கிலோ, நொய் 4 கிலோ. பாக்கெட் மாவு வாங்காதே. கேழ்வரகாக வாங்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து மெஷினில் கொடுத்தால் கிலோவுக்குக் கொஞ்சம் காசாவது மிஞ்சும், மாவும் வாசமாக இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரியே மாவைக் கரைத்து வைத்துவிட வேண்டும், அப்போதுதான் புளிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் நொய்யை வேகவிட்டு, அது குழைந்து வரும்போது ஒருவர் மாவை ஊற்ற ஒருவர் விடாமல் துடுப்புப் போட வேண்டும். கை நின்றால் கட்டி தட்டிவிடும். விரலைத் தண்ணீரில் நனைத்து மேலே தொட்டுப் பார்த்தால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில் உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் நூறு லிட்டர் வரை வரும்.

[10:07] கார்த்தி: கருவாட்டுக் குழம்பு?

[10:08] நிர்மலா: வந்துவிட்டான்

[10:12] ஏழுமலை பெரியப்பா: துக்க வீட்டில் கருவாடு வைக்கலாமா என்று யோசிக்க வேண்டும். முருங்கைக் கீரை போதும் என்பது என் எண்ணம்.

[10:15] மோகன் மாமா: ஊற்றுவது கஸ்தூரி என்றால் கருவாடு என் வீட்டுக் கணக்கு மச்சான். தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிந்தது. விசைப்படகு போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. காசிமேட்டில் நெத்திலி நன்றாகக் காய்ந்து கிடக்கிறது.

[10:16] கார்த்தி: மாமா வாழ்க

[10:20] மோகன் மாமா: ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரும் வாங்கப் போகாதீர்கள். ஊர்க்கூட்டம் முழுக்க அன்று அங்கேதான், விலை சொன்னதுதான். புதன், வியாழன் போனால் பேசி வாங்கலாம்.

[10:44] சரோஜா பெரியம்மா: பல முறை பகிரப்பட்டது: அவசரச் செய்தி!! அடுத்த மாதம் முதல் ரேஷன் கடையில் பருப்பும் பாமாயிலும் கிடையாது!! அனைவருக்கும் பகிரவும்!!

[10:46] விஜயா சித்தி: ஐயோ அக்கா, நிஜமா? குழம்புக்குத் தாளிக்கப் பாமாயில் எடுத்து வைத்திருக்கிறேன்

[10:51] ஏழுமலை பெரியப்பா: சரோஜா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள். இதே செய்தி முன்பும் வந்தது. 2024 மே மாசம் சரக்கு வரத் தாமதமாகி, அந்த மாசத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் கொடுத்தார்கள். அப்போது கிளம்பிய பேச்சு இன்னும் சுற்றுகிறது. கடைப் பலகையில் எழுதினால் நம்பு. வெளியில் துவரம்பருப்பு என்ன விலை விற்கிறது? ரேஷனில் கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களை இப்படிப் பயமுறுத்துவது பாவம். யாரும் அனுப்பாதீர்கள்.

[10:53] சரோஜா பெரியம்மா: நீக்கிவிட்டேன்

[10:54] நிர்மலா: நீக்கவில்லை பெரியம்மா, இன்னும் தெரிகிறது

[11:02] விஜயா சித்தி: விலையைப் பற்றிப் பேசினால் எனக்கு வயிறு எரிகிறது. இந்த முறை கரண்ட் 507 யூனிட். ஏழு யூனிட்டுக்காக எவ்வளவு கூடிவிட்டது

[11:04] கார்த்தி: ஏசி

[11:04] விஜயா சித்தி: உன் தம்பிதான். ராத்திரி போட்டால் காலை எட்டு மணி வரை

[11:13] ஏழுமலை பெரியப்பா: விஜயா, இதைக் கவனி. இரண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை மிகக் குறைந்த விலை. 500-ஐத் தாண்டினால், ஒரு யூனிட்டே ஆனாலும், அந்தக் குறைந்த விலை மொத்தமாகப் போய்விடும். ஏழு யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் இல்லை, அந்த நூறு யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்டுகிறாய். ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போதே மீட்டரைப் பார்த்துக் குறித்து வை. நான் காலண்டரில் எழுதுகிறேன்.

[11:15] விஜயா சித்தி: சரிங்க மாமா

[11:20] விஜயா சித்தி: பேப்பர் கப் முந்நூறு சொல்லிவிடட்டுமா?

[11:38] ஏழுமலை பெரியப்பா: வேண்டவே வேண்டாம். பேப்பர் கப் என்கிறோமே, அதன் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. கூழை ஊற்றிக் கொஞ்சம் நேரம் வைத்து நகத்தால் சுரண்டிப் பார், மெல்லிய தோல் மாதிரி உரியும். 2019 ஜனவரி 1-ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் தட்டும் உண்டு. நாம் எறிவது எங்கே போகிறது? கொடுங்கையூருக்கு. அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? வியாசர்பாடிப் பெரியத்தை வீட்டில் மழைநாளில் சன்னலைத் திறக்க முடிந்ததில்லை. நகரத்துக் குப்பை வடக்கே வந்து விழுகிறது என்று கோபப்படுகிற நாமே நம் தெருவிலிருந்து முந்நூறு கப் அனுப்பலாமா? அம்மா ஒரு நாளும் கப் வாங்கியதில்லை. "சொம்பு எடுத்துக்கினு வா" என்று திண்ணையில் இருந்தே கத்துவாங்க, தெருமுனை வரை கேட்கும். கப்புக்கு ஆகும் காசில் இன்னும் இரண்டு கிலோ வெங்காயம் வாங்கலாம்.

[11:39] நிர்மலா: அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது

[11:41] தனசேகர் சித்தப்பா: சொம்பு இல்லாமல் வருகிறவர்களுக்கு?

[11:42] தனசேகர் சித்தப்பா: வழியில் போகிறவர் கையில் என்ன இருக்கும்

[11:45] ஏழுமலை பெரியப்பா: நியாயமான கேள்வி.

[11:47] நிர்மலா: நாற்பது எவர்சில்வர் டம்ளர் என்னிடம் இருக்கிறது. குடித்துவிட்டு வைத்தால் கழுவித் திரும்பக் கொடுக்கலாம்.

[11:48] விஜயா சித்தி: யார் கழுவுவது?

[11:58] விஜயா சித்தி: ஒருவரும் பேசவில்லை பார்

[12:03] கார்த்தி: நான் கழுவுகிறேன் சித்தி

[12:04] விஜயா சித்தி: எழுதி வைத்துக்கொள்கிறேன்

[12:10] கார்த்தி: பெரியப்பா, கூடுவாஞ்சேரியிலிருந்து கார் எடுத்து வந்தால் தெருவில் நிறுத்த இடம் இருக்குமா?

[12:19] ஏழுமலை பெரியப்பா: பந்தல் போட்ட தெருவில் காருக்கு இடம் ஏது? பெட்ரோலையும் கொட்டாதே. மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரல் மெட்ரோவுக்கு நட. விம்கோ நகர் போகிற வண்டியில் ஏறினால் தண்டையார்பேட்டையில் இறங்கலாம். 2021 பிப்ரவரி 14-இல்தான் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி அந்த வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் எங்களுக்கு எல்லாம் பஸ்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் நம் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அப்படிப்பட்ட இடத்துக்கு மெட்ரோ கடைசியில் வந்து சேர்ந்தது. வந்ததே, அதைப் பயன்படுத்து. உன் பெண்டாட்டிக்கு அப்புறம் சாதாரண பஸ்ஸில் காசே இல்லை.

[12:20] கார்த்தி: சரி பெரியப்பா ரயிலில் வருகிறோம்

[பிற்பகல் 2:36] விஜயா சித்தி: புகைப்படம்

[2:37] விஜயா சித்தி: பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உள்ளே பழைய பாய், நைனாவின் டார்ச் லைட், 2023 டிசம்பர் புயல் நேரத்து மெழுகுவர்த்திக் கட்டு.

[2:39] நிர்மலா: மிக்ஜாம் வந்தபோது தெருவுக்கே இதில்தானே சோறு பொங்கினோம்

[2:40] கார்த்தி: நாலு நாள். மாடிப்படியில் வைத்து.

[2:44] விஜயா சித்தி: கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தேன். "ரா. முனியம்மாள் 1981". அண்ணி, உங்கள் கல்யாணம் எப்போது?

[2:51] கஸ்தூரி அத்தை: 86

[2:52] கஸ்தூரி அத்தை: சீர் என்று அம்மா சொன்ன ஞாபகம் எனக்கு

[3:14] ஏழுமலை பெரியப்பா: இல்லை கஸ்தூரி, எனக்கு நன்றாகத் தெரியும். அது பாத்திரச் சீட்டில் எடுத்தது. அப்போது அம்மா எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்கு ஜாக்கெட் ஓரம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாங்க. வாரம் ஐந்து ரூபாய். எனக்குப் பள்ளிக்கூட பெல்ட் வாங்காமல் அந்தச் சீட்டைக் கட்டினாங்க என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். சீட்டு முடிந்ததும் நைனா ஒரு ரேடியோ வேண்டும் என்றார், அம்மா கேட்கவில்லை. கூழுக்கு இதுவரை வாடகை அண்டா எடுத்தது போதும் என்று சொல்லி இதைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தாங்க. பித்தளை. கீழே இறக்கும்போது நடை அதிர்ந்தது.

[3:17] நிர்மலா: கூழ் எந்த வருஷம் தொடங்கியது பெரியப்பா?

[3:26] ஏழுமலை பெரியப்பா: 1979. தனசேகருக்கு நாலு வயசு. அம்மை போட்டது. கண்ணைத் திறக்கவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை. வேப்பிலைமேல் படுக்க வைத்திருந்தோம். இறங்கிப் போனால் மூச்சு இருக்கும் வரை கூழ் ஊற்றுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாங்க. ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தது கஸ்தூரி. அவளுக்குப் பத்து வயசு இருக்கும்.

[3:27] கார்த்தி: இது எங்களுக்குத் தெரியாது

[3:28] விஜயா சித்தி: எனக்கே தெரியாது

[3:30] கஸ்தூரி அத்தை: மூன்றாம் ராத்திரி கண்ணைத் திறந்து முறுக்கு கேட்டான்

[4:05] தனசேகர் சித்தப்பா: மூச்சு இருக்கும் வரை என்றுதான் வேண்டியிருக்கிறது. அம்மாவோடு அது முடிந்தது

[4:09] ஏழுமலை பெரியப்பா: முடிந்ததாக வைத்துக்கொண்டால் சாமி குற்றம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தெருவில் கேட்கிறார்களே தனசேகர்.

[4:31] தனசேகர் சித்தப்பா: அக்கா

[4:31] தனசேகர் சித்தப்பா: சனிக்கிழமை மத்தியானமே வந்துவிடு. ராத்திரி இங்கேயே படுத்துக்கொள். துடுப்பு நான் போடுகிறேன், நீ மாவு ஊற்று

[4:33] நிர்மலா: 🙏

[4:48] கஸ்தூரி அத்தை: வெள்ளிக்கிழமை கரைத்து வைக்க யார் இருக்கிறார்கள்? விஜயா கரைத்தால் தண்ணீர் அதிகம் விட்டுவிடுவாள்

[4:49] விஜயா சித்தி: அப்படியானால் வெள்ளிக்கிழமையே வாங்க அண்ணி

[4:50] கஸ்தூரி அத்தை: பார்க்கிறேன்

[4:58] ஏழுமலை பெரியப்பா: ஒரு முக்கியமான விஷயம். அண்டாவின் உள்பக்கம் வெள்ளீயப் பூச்சு போய்விட்டது, புகைப்படத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. புளித்த கூழை அப்படியே ஊற்றினால் களிம்பு ஏறும், குடிப்பவர்களுக்கு ஆகாது. வெள்ளீயம் பூச வேண்டும். முன்பு தெருவோடு துருத்தி எடுத்துக்கொண்டு வருவார்கள், இப்போது ஆளைத் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அலுமினிய அண்டா வாடகைக்கு எடுத்து, இதை முன்னால் மஞ்சள் குங்குமம் வைத்து வேப்பிலை சுற்றி வைக்கலாம்.

[5:01] மோகன் மாமா: காசிமேட்டில் விசாரிக்கிறேன் மச்சான்

[5:02] தனசேகர் சித்தப்பா: இதிலேயே கிண்ட வேண்டும்

[5:20] கார்த்தி: ஆளுக்கு எவ்வளவு பணம் போட வேண்டும்?

[5:24] ஏழுமலை பெரியப்பா: கணக்கு எழுதி ராத்திரி போடுகிறேன்.

[6:12] விஜயா சித்தி: கோயில்காரர் வாசலில் நோட்டோடு நிற்கிறார். யார் பெயரில் எழுதுவது என்று கேட்கிறார்

[6:13] விஜயா சித்தி: யாராவது சொல்லுங்கள்

[6:19] விஜயா சித்தி: முனியம்மாள் வீடு என்று எழுதச் சொல்லிவிட்டேன். கருவாடு உண்டா இல்லையா என்பதை மட்டும் புதன்கிழமைக்குள் முடிவு செய்யுங்கள், மாமா காத்திருக்கிறார்