உபுண்டு 22.04 + கோண்டா: கோப்பு இருக்கிறது, ஆனாலும் "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 இல்லை" என்கிறது

புள்ளிமேகம்:
வணக்கம் நண்பர்களே. உபுண்டு 22.04, இன்டெல் கிராஃபிக்ஸ். பைத்தான் 3.8-க்காகப் பழைய கோண்டா சூழல் (தொகுப்புகளைத் தனியாக வைக்கும் இடம்) ஒன்றை வைத்திருக்கிறேன், அதற்குள் 3டி காட்சிக்கான பைவிஸ்டா நூலகத்தைப் பிப் வழியாகப் போட்டிருக்கிறேன். லைடார் தரவைத் திறந்தால் 3டி விண்டோ வருவதே இல்லை. இன்டெல்லுக்கான ஐரிஸ் டிரைவரை ஏற்ற முடியவில்லை என்று லிப்ஜிஎல் (கிராஃபிக்ஸ் நூலகம்) ஒரு வரி சொல்கிறது, பிறகு அதற்கு மாற்றான ஸ்வ்ராஸ்ட் டிரைவருக்கும் அதே வரி, அப்புறம் புரோகிராம் விழுந்துவிடுகிறது. லிப்ஜிஎல்_டீபக்=வெர்போஸ் என்று முன்னால் போட்டு ஓட்டிய பிறகுதான் காரணம் தெரிந்தது: சூழலுக்குள் இருக்கும் "பின்/../லிப்/லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6" கோப்பில் (சி++ நிரல்களின் அடிப்படை நூலகம்) ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 என்ற பதிப்புக் குறி இல்லையாம். அதைக் கேட்பது சிஸ்டத்தின் லிப்எல்எல்விஎம் (கிராஃபிக்ஸ் டிரைவர் பயன்படுத்தும் கம்பைலர் நூலகம்).

ஆனால் /யூஎஸ்ஆர்/லிப் பக்கம் இருக்கும் லிப்எஸ்டிடிசி++-இல் ஸ்ட்ரிங்ஸ் போட்டு கிரெப் செய்தால் 3.4.30 தெளிவாக இருக்கிறது. ஆப்ட் மூலம் மறுபடி நிறுவினேன், மாற்றம் இல்லை. ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சி-யில், நூலகங்களைத் தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தைச் சிஸ்டம் ஃபோல்டருக்குத் திருப்பினேன், அதற்கும் மசியவில்லை. இருக்கிற கோப்பை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறது?

இணைப்பான்:
பிழைச் செய்தியிலேயே பதில் இருக்கிறது, அந்த "பின்/../லிப்" என்ற துண்டைப் பாருங்கள். கோண்டாவின் பைத்தான் பைனரிக்குள் ஆர்பாத் என்று ஒரு பாதை எழுதப்பட்டிருக்கும், "நான் இருக்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலே போய் லிப்-இல் தேடு" என்பதுதான் அது. ரீட்எல்ஃப் -டி போட்டுப் பார்த்தால் தெரியும். லோடர் (நிரலுக்கு வேண்டிய நூலகங்களை ஏற்றுவது) தேடும் வரிசையில் ஆர்பாத் முதலில் வரும், எல்டி_லைப்ரரி_பாத் அதற்கு அடுத்துதான், அதனால்தான் நீங்கள் பாஷ்ஆர்சி-யில் எழுதியது எடுபடவில்லை. (ரன்பாத் என்று இன்னொன்று உண்டு, அதாக இருந்தால் எல்டி_லைப்ரரி_பாத் ஜெயிக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.)

நடப்பது இதுதான். பைவிஸ்டாவுக்குக் கீழே இருக்கும் விடிகே சி++ நூலகம், அதற்கு லிப்எஸ்டிடிசி++ வேண்டும். சூழலில் இருக்கும் பழையது முதலில் ஏறிவிடுகிறது. பிறகு விண்டோ திறக்கும் நேரத்தில் சிஸ்டத்தின் மேசா கிராஃபிக்ஸ் டிரைவர் (ஐரிஸும் ஸ்வ்ராஸ்டும் இதில் அடக்கம்) உள்ளே வருகிறது, அது லிப்எல்எல்விஎம்-ஐ இழுக்கிறது, அதுவும் லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6 கேட்கிறது. அந்தப் பெயரில் ஒன்று இதே புராசஸில் ஏற்கனவே ஏறியிருப்பதால் லோடர் வேறெங்கும் தேடாது, இருப்பதையே கொடுத்துவிடும். அதில் 3.4.30 இல்லை, கதை முடிந்தது. ஆகவே வட்டில் எந்தக் கோப்பு இருக்கிறது என்பதை விட, எது முதலில் ஏறியது என்று பாருங்கள். எல்டி_டீபக்=லிப்ஸ் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு நூலகமும் எந்த இடத்திலிருந்து ஏறியது என்று வரிவரியாகக் கொட்டும்.

3.4.30 ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்புடன் 2022-இல் வந்தது. உபுண்டு 22.04-இல் ஜிசிசி 11 இயல்பாக இருந்தாலும் லிப்எஸ்டிடிசி++ மட்டும் 12-இலிருந்து வருகிறது. உங்கள் சூழலில் அநேகமாக 11.2 இருக்கும், அது 3.4.29-உடன் நின்றுவிடும். கோண்டா லிஸ்ட் போட்டு லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ்-என்ஜி (கோண்டாவில் இந்த நூலகத்தின் தொகுப்புப் பெயர்) எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள்.

கட்டளைவரி:
இவ்வளவு எதற்கு? சூழலின் லிப் ஃபோல்டரில் இருக்கும் அந்தக் கோப்பின் மேலேயே, சிஸ்டத்தின் புதிய லிப்எஸ்டிடிசி++-ஐ அதே பெயரில் சிபி போட்டு மேலெழுதுங்கள், ஓடும். எனக்கு ஓடுகிறது.

இணைப்பான்:
சிபி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே தொகுப்பு பல சூழல்களில் இருந்தால், கோண்டா இடத்தை மிச்சப்படுத்தக் கோப்பை நகலெடுக்காமல் ஹார்ட் லிங்க் போடும், அதாவது ஒரே கோப்புக்குப் பல இடங்களில் பெயர் வைக்கும். கோப்பை முதலில் அழிக்காமல் நேராக மேலெழுதினால் அந்த மாற்றம் கோண்டாவின் தொகுப்புக் கேஷுக்கும், அதைப் பகிரும் மற்ற எல்லாச் சூழல்களுக்கும் போய்ச் சேரும், ஏன் என்றே தெரியாமல் எல்லாமே ஒன்றாக மாறியிருக்கும். அதற்குப் பதில் சிஸ்டம் கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் போட்டால் அந்த ஆபத்து இல்லை, ஆனால் அடுத்த கோண்டா அப்டேட்டில் அது காணாமல் போகலாம், சூழல் குறிப்பை வாங்கி வேறு இயந்திரத்தில் அமைப்பவருக்கும் அது போய்ச் சேராது.

லிப்எஸ்டிடிசி++ பின்னோக்கி இணக்கமானது, புதியதை வைத்தால் பழைய நிரல்கள் ஓடும், பழையதை வைத்தால்தான் சிக்கல். எனவே சூழலுக்குள் இருப்பதையே உயர்த்துங்கள்: கோண்டா இன்ஸ்டால் -சி கோண்டா-ஃபோர்ஜ் "லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ்-என்ஜி>=12". அதற்கு முன் சந்தேகம் தீர வேண்டுமானால், சிஸ்டம் கோப்பின் முழுப் பாதையை எல்டி_ப்ரீலோட்-இல் (மற்றவற்றுக்கு முன் ஏற்ற வேண்டியதைச் சொல்லும் மாறி) கொடுத்து ஒரே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விண்டோ வந்தால் காரணம் இதுதான். அதை நிரந்தரமாக வைக்காதீர்கள்.

புள்ளிமேகம்:
கோண்டா லிஸ்ட்டில் 11.2.0 என்றுதான் இருந்தது. ப்ரீலோட் கொடுத்ததும் விண்டோ வந்தது, பிறகு நீங்கள் சொன்னபடி உயர்த்தினேன், இப்போது ப்ரீலோட் இல்லாமலே வருகிறது. மிக்க நன்றி. பாஷ்ஆர்சி-யில் எழுதிய எல்டி_லைப்ரரி_பாத் வரி இன்னும் இருக்கிறது, அது கெடுதல் செய்யுமா?

இணைப்பான்:
எடுத்துவிடுங்கள். அது இந்தச் சூழலுக்கு மட்டுமல்ல, அந்த ஷெல்லிலிருந்து ஓடும் எல்லா நிரலுக்கும் போகும். ஆர்பாத் இல்லாத, ரன்பாத் மட்டும் உள்ள ஏதாவது ஒரு நிரலை நாளை நிறுவுவீர்கள், அது தன்னுடன் கொண்டுவந்த நூலகத்தை விட்டுவிட்டுச் சிஸ்டத்தினுடையதை எடுக்கும், அப்போது இந்த வரி நினைவுக்கே வராது. அந்த மாறி தேவைப்படும் நிரல் ஏதேனும் இருந்தால் அதன் கட்டளைக்கு முன்னால் மட்டும் போடுங்கள்.