ஒராங் அஸ்லி பாடம்: கையால் செய்ய வைத்து நடத்தியவர்கள் இருக்கிறீர்களா?

பந்திங் டீச்சர்:
வணக்கம். எங்களுடையது பந்திங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் செம்பனை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி பற்றிக் கேட்டால் செமாங், செனோய், மெலாயு புரோட்டோ என்று மூன்று பிரிவையும் ஒப்பிப்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இத்தனைக்கும் அவர்களில் ஓர் இனமான மா மெரி மக்கள் இருக்கும் கேரித் தீவு இங்கிருந்து கூப்பிடு தூரம், சில பிள்ளைகளின் தாத்தா பாட்டி அந்தத் தீவுத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். காட்சிக்கலை வகுப்பில் அட்டையில் மா மெரி முகமூடி செய்ய விடலாமா?

கித்தாமரம்:
முகமூடி வேண்டாம் டீச்சர். அது அவர்கள் மோயாங்கின், அதாவது முன்னோர் ஆவிகளின் உருவம். நம் முனியாண்டி முகத்தை யாராவது அட்டையில் வெட்டி மாட்டிக்கொண்டு ஆடினால் நமக்கு எப்படி இருக்கும்? பின்னல் வையுங்கள். கேரித் தீவின் சுங்கை பும்புன் கிராமத்தில் பெண்கள் பண்டான் தாழையில் பாய், பை பின்னுவார்கள், நீப்பாப் பனை ஓலையில் பறவையும் பூவும் மடிப்பார்கள். தோரணத்துக்குத் தென்னோலையில் கிளி கட்டிய பிள்ளைக்கு அது உடனே பிடிபடும். ஆனால் பின்னலுக்கு முந்திய வேலையையும் செய்ய விடுங்கள்: தாழை மடலின் ஓரத்து முள்ளைச் சீவி, ஒரே அகலத்தில் கிழித்து, வேகவைத்து, ஊறப்போட்டு, வெயிலில் காய வைப்பது. ஒரு பாய்க்கு ஏன் அந்த விலை சொல்கிறார்கள் என்று அப்போதுதான் புரியும். சொல்லிக்கொடுக்க அங்கிருந்தே ஒரு அக்காவைக் கூப்பிடுங்கள், கூலியும் கொடுங்கள். நினைவுப்பரிசும் கைதட்டலும் கொடுத்து அனுப்புகிற நம் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சுங்கை சிப்புட் மணி:
எங்கள் பக்கம் இருக்கும் ஒராங் அஸ்லி தெமியார் மக்கள். ஊதுகுழல், அதான் சும்பிட், பையன்களை அப்படியே இழுத்துவிடும். கணுவுக்குக் கணு ஆள் உயரத்துக்கு மேல் நீளும் ஒரு மலை மூங்கிலில்தான் உள்குழாய் செய்வார்கள். அம்பின் பின்னால் நெட்டி மாதிரி லேசான ஒரு கட்டை, அது குழாயை அடைத்துக்கொள்வதால்தான் ஊதுகிற காற்று அம்பைத் தள்ளுகிறது. அறிவியல் பாடத்துக்கே ஆகும். ஈப்போ மரத்துப் பால்தான் அதற்கு விஷம், அதைப் படத்தில் காட்டினால் போதும். பள்ளியில் முனை மழுங்கின அம்பு, எதிரே வாழைத்தண்டு. மூச்சை இழுத்துக்கொண்ட பிறகுதான் குழாயில் வாய் வைக்க வேண்டும், இதைப் பத்துத் தடவையாவது சொல்லுங்கள்.

ஜெஞ்சாரோம் அக்கா:
முகமூடியே கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செதுக்குகிறவர்களே சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். எதைச் செய்யலாம், எது சடங்குக்கு மட்டும் என்று அவர்களையே கேளுங்களேன், நாம் ஏன் முடிவு பண்ணுகிறோம்? முதலில் தோக் பாத்தினை, அதான் அவர்கள் ஊர்த்தலைவரை, பாருங்கள், அப்புறம் பள்ளியிலிருந்து ஒராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவுக்கு ஒரு கடிதம். முன்னோரைக் கும்பிடும் ஹரி மோயாங் நாளில் மட்டும் போக வேண்டாம். அவர்கள் கும்பிடுகிற நேரத்தில் நாற்பது பிள்ளைகளோடு போய் நின்றால் யாருக்கும் வசதிப்படாது.

பந்திங் டீச்சர்:
நன்றி. அப்படியானால் முதலில் பின்னல், முகமூடியைத் தோக் பாத்தினிடம் கேட்டுக்கொள்கிறேன். பேருந்துக்கும் அந்த அக்காவின் கூலிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேட்க வேண்டும். மணி அண்ணே, அம்புக்கு அந்த லேசான கட்டை எதில் செய்வார்கள்?

சுங்கை சிப்புட் மணி:
ஏதோ ஒரு பனை வகையின் சோறு, அதாவது உள்ளே இருக்கும் மெத்தென்ற பகுதி, டீச்சர். பிள்ளைகளுக்கு மரவள்ளித் தண்டின் நடுச்சோறு போதும், தோட்டத்தில் எங்கும் கிடைக்கும்.