நித்யா தலைப்பொங்கல்: எந்தப் படத்துக்கு டிக்கெட்?

குழு: தாத்தா வீடு, மதுரை
13 ஜனவரி 2025, போகி

பெரியம்மா: பொங்கப்படிச் சீர் போன வாரமே கொடுத்தாச்சு. மாட்டுப் பொங்கல் அன்று காலையில் நித்யாவும் மாப்பிள்ளையும் இங்கே வருகிறார்கள். காணும் பொங்கலுக்கு அவரைப் படத்துக்குக் கூட்டிப் போகணும். எந்தப் படம், எத்தனை பேர் என்று இன்றைக்கே சொல்லுங்கள். கடைசி நேரத்தில் எடுத்து முன்வரிசையில் உட்கார என் கழுத்தால் முடியாது.

செந்தில்: அஜித் படம் விடாமுயற்சி வந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை

அம்மா: அதுதான் வரலையே

செந்தில்: டிசம்பர் 31 ராத்திரி அறிக்கை விட்டார்கள் சித்தி, பொங்கலுக்கு இல்லை என்று. புத்தாண்டே கெட்டுப்போச்சு. ஆனால் நேற்று துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் அஜித் அணிக்கு அவர்கள் பிரிவில் 3ஆம் இடம்!!

பெரியப்பா: காதலிக்க நேரமில்லை வருகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். அதற்கே போகலாம். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற இடம் ஒன்று போதும்.

கார்த்தி: பெரியப்பா அது 1964. இது புதுசு, நாளைக்குத்தான் வருகிறது. ஜெயம் ரவி, நித்யா மேனன். ரஹ்மான் இசை

பெரியப்பா: ஸ்ரீதர் படத்துப் பேரை வைத்து யார் எடுத்தது

கார்த்தி: கிருத்திகா உதயநிதி

செந்தில்: ஜெயம் ரவி இல்லை, ரவி மோகன். இனிமேல் அப்படித்தான் கூப்பிடணும் என்று அறிக்கை விட்டிருக்கிறார்

தங்கம் அத்தை: ஏன், நியூமராலஜியா

கார்த்தி: அவர் அப்பா பேர் அத்தை. எடிட்டர் மோகன்

நித்யா: அம்மா, அந்தப் படம் வேண்டாம்

பெரியம்மா: ஏன், என்ன கதை

நித்யா: டிரைலர் பார்த்தேன். வேண்டாம். குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றிய கதை. தங்கம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது, போனை எடுத்தாலே விசேஷம் உண்டா என்கிறார்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தங்கம் அத்தை: படித்துவிட்டேன்

நித்யா: சாரி அத்தை

சேகர் சித்தப்பா: அனைவருக்கும் போகி வாழ்த்துகள். நான் நேற்று முதல் நாளே மதகஜராஜா பார்த்துவிட்டேன். விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இது 2012இல் எடுத்த படம். 2013 பொங்கலுக்கே வர வேண்டியது. பணப் பிரச்சினையில் நின்றது. பிறகு அந்த வருஷம் செப்டம்பர் என்றார்கள், அதுவும் இல்லை. 12 வருஷம் பெட்டியில் கிடந்த படம். சுந்தர் சி இயக்கம், விஜய் ஆண்டனி இசை, விஷால் சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். சந்தானம் முழுநேர ஹீரோ ஆவதற்கு முந்தைய சந்தானம். அவர் வாயைத் திறந்தால் தியேட்டர் அதிர்கிறது. மனோபாலா வருகிற பகுதியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சீட்டைவிட்டு எழுந்து நின்று சிரித்தார். படத்தில் பாக்கெட்டிலிருந்து எடுக்கிற போன் எல்லாம் பழசு. கலர் சட்டையும் அந்தக் காலத்துச் சட்டைதான். ஆனால் சிரிப்பு பழசாகவில்லை. என் சிபாரிசு இதுதான்.

அப்பா: சுருக்கமா சொல்லுடா

கார்த்தி: சித்தப்பா, பாதி வரைக்கும் வந்துவிட்டேன்

பெரியப்பா: 12 வருஷத்துப் பழைய படத்துக்கு மாப்பிள்ளையைக் கூட்டிப் போனால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்

அம்மா: வணங்கான் என்று ஒன்று ஓடுகிறதே

பெரியம்மா: யார் படம்

செந்தில்: பாலா. சூர்யாவை வைத்து ஆரம்பித்தார், அப்புறம் அருண் விஜய்

பெரியம்மா: பாலாவா? விருந்துக்கு வந்த பிள்ளையை அழவைத்து அனுப்பவா

நித்யா: அவர் ஹைதராபாத்தில் வேலை பார்த்தவர்மா. சங்கராந்தி என்றால் அவருக்கு பாலகிருஷ்ணாவும் வெங்கடேஷும்தான். ராம்சரண் படம் தமிழிலும் ஓடுகிறது, கேம் சேஞ்சர். அதுவென்றால் எல்லோருக்கும் புரியும்

கார்த்தி: ஷங்கர் படம். கதை கார்த்திக் சுப்புராஜ். நானா ஹைரானா பாட்டு முதல் நாள் பிரிண்டில் இல்லையாம், அப்புறம் சேர்க்கிறார்களாம்

செந்தில்: அதிலும் அஞ்சலி, மதகஜராஜாவிலும் அஞ்சலி. ரெண்டுக்கும் நடுவில் 12 வருஷம். ரெண்டு நாள் இடைவெளியில் ரிலீஸ்

அம்மா: அங்காடித்தெரு பொண்ணா? நல்லா நடிக்கும்

சேகர் சித்தப்பா: அண்ணே, பழைய படம் என்கிறீர்களே. 2013 பொங்கல் நினைவிருக்கிறதா? அப்பா இருந்தார். இந்தப் படம் வரும் என்று நான்தான் எல்லோரையும் கிளப்பினேன். வரவில்லை. விஷாலின் சமர் வந்தது, அலெக்ஸ் பாண்டியன் வந்தது. கடைசியில் கண்ணா லட்டு தின்ன ஆசையா போனோம். பவர்ஸ்டார் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவருக்கு மணிவண்ணன் என்றால் உயிர். அமைதிப்படையை டிவியில் போட்டால் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்காருவாரே. இந்தப் படத்தில் மணிவண்ணன் இருக்கிறார். 2013 ஜூனில் போன மனுஷன். மனோபாலா போனது 2023இல். நேற்று மணிவண்ணன் திரையில் வந்ததும் எனக்கு அப்பாவின் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அதனால்தான் சொல்கிறேன், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கணும். மாப்பிள்ளைக்கும் நம்ம வீடு எப்படிச் சிரிக்கும் என்று தெரியட்டும்.

அம்மா: மாமா அந்த லட்டு வசனத்தைச் சொல்லிச் சொல்லியே காபி கேட்பார்

பெரியம்மா: ஆமா

தங்கம் அத்தை: நான் பார்க்கவில்லை

அப்பா: ஏன்

தங்கம் அத்தை: எனக்கு டிக்கெட் இல்லை என்று வீட்டில் விட்டுவிட்டுத்தானே போனீர்கள். அவரும் நானும் உட்கார்ந்து வடைக்கு உளுந்து ஆட்டினோம். நீங்கள் வந்து சாப்பிட்டீர்கள்.

பெரியப்பா: கவுண்ட்டரில் அவ்வளவுதான் கொடுத்தான் தங்கம்

தங்கம் அத்தை: உங்கள் மச்சினனுக்கு மட்டும் கொடுத்தானா அண்ணே

பெரியம்மா: என் தம்பி தன் காசில் வந்தான்

அப்பா: பழசு எதுக்கு. நல்ல நாள்

செந்தில்: 16 அலங்காநல்லூர். அதையும் கணக்கில் வையுங்கள். நான் ஃபிரண்ட்ஸோடு விடியக்காலையே கிளம்புகிறேன்

பெரியம்மா: மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது நீ மாடு பார்க்கப் போவியா

செந்தில்: பாலமேட்டுக்கும் விடமாட்டேன் என்றீர்கள், அவர் வருகிற நாள் என்று

செந்தில் விக்னேஷ் மாப்பிள்ளையைச் சேர்த்தார்

பெரியப்பா: வாங்க மாப்பிள்ளை. வணக்கம்

தங்கம் அத்தை: வாங்க தம்பி. அம்மா அப்பா நலமா

அப்பா: வாங்க

பெரியம்மா: கார்த்தி, நாங்கள் மேலே பேசியதெல்லாம் அவருக்குத் தெரியுமா

கார்த்தி: பழசு தெரியாது பெரியம்மா. ஆனால் நீங்கள் இப்போது கேட்டது தெரியும்

விக்னேஷ் மாப்பிள்ளை: எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எந்தப் படம் என்றாலும் சரி அத்தை. ஒரே ஒரு ஆசை, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை நேரில் பார்த்ததில்லை. செந்தில் கூட்டிப் போனால் நல்லா இருக்கும்.

செந்தில்: 💪

பெரியம்மா: அங்கே ஒரே கூட்டம். வெயில் வேறு

பெரியப்பா: அவர் ஆசைப்படுகிறார். போய் வரட்டும். காலையில் மாடு, சாயங்காலம் படம்

நித்யா: அப்பா, அலங்காநல்லூர் சாயங்காலம் வரைக்கும் போகும். திரும்பி வருகிற ரோட்டில் வண்டி நகராது

சேகர் சித்தப்பா: அப்படியென்றால் 17 வெள்ளிக்கிழமை. அரசாங்கம் விடுமுறை விட்டாச்சே. 14 முதல் 19 வரை ஆறு நாள். எனக்கு 17 காலைக் காட்சி நல்லது. ராத்திரி நான் சென்னைக்குப் பஸ் ஏறணும்

அப்பா: எனக்கு 17 கடை திறக்கணும்

அம்மா: அரை நாள்தானே. திறக்க வேண்டாம்

அப்பா: பார்க்கலாம்

செந்தில்: சரி, மதகஜராஜாவா கேம் சேஞ்சரா? கை தூக்குங்கள்

கார்த்தி: மதகஜராஜா

அம்மா: சேகர் சொன்னதே

தங்கம் அத்தை: மணிவண்ணன் இருந்தால் சரி. அப்பாவுக்காகப் பார்க்கணும்

நித்யா: அவர் கேம் சேஞ்சர்தான் பார்ப்பார், வெளியே சொல்லமாட்டார்

விக்னேஷ் மாப்பிள்ளை: இல்லை நித்யா, அப்படி இல்லை

பெரியப்பா: ரெண்டுமே போகலாம்

பெரியம்மா: ரெண்டுக்கும் இத்தனை டிக்கெட்டா? விலை தெரியுமா உங்களுக்கு

செந்தில்: 11 பேரா 12 பேரா? யாராவது சொன்னால்தான் புக் பண்ண முடியும்

பெரியப்பா: தங்கத்துக்கும் மாப்பிள்ளைக்கும் முதலில் போடு. அப்புறம் மீதி. நடுவரிசை

தங்கம் அத்தை: எந்த மாப்பிள்ளைக்கு அண்ணே

பெரியப்பா: உன் வீட்டுக்காரருக்கு

தங்கம் அத்தை: சரி

சேகர் சித்தப்பா: அண்ணே, அப்படியே இடைவேளை நொறுக்குத்தீனி பற்றியும் இப்போதே முடிவு செய்துவிட்டால் நல்லது. போன முறை

அம்மா: அக்கா, மஞ்சள் கொத்து வாங்கியாச்சா?

பெரியம்மா: நீ வாங்குவதாகத்தானே சொன்னாய்

அம்மா: நான் கரும்புதான் சொன்னேன்

அப்பா: கடைப்பக்கம்தான் போகிறேன். எத்தனை கொத்து?