விபத்தில் இறந்த நண்பரின் குடும்பத்துக்கு எங்கள் பைக் குழு என்ன செய்யலாம்?

கோவைவாசி:
கடந்த மாதம் பொள்ளாச்சி சாலையில் சரக்கு வேன் மோதியதில் எங்கள் குழு நண்பர் ஒருவர் உயிரிழந்தார். வயது 34, சொந்தமாக லேத் பட்டறை நடத்தி வந்தார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார் என நால்வரும் அவருடைய வருமானத்தையே நம்பியிருந்தவர்கள். எங்களால் இயன்ற தொகையைத் திரட்டியிருக்கிறோம். அவர் நினைவாக வால்பாறைக்கு ஒரு பயணம் போகலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் இழப்பீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அவர் உயிருக்கு விலை பேசுகிறீர்களா?" என்று அவருடைய மனைவி எழுந்து போய்விடுகிறார். அவரை வற்புறுத்தாமல் நாங்கள் செய்யக்கூடியது என்ன?

வழக்குரைஞர், ஈரோடு:
வற்புறுத்த வேண்டாம், ஆனால் காலக்கெடு ஒன்று இருப்பதைச் சொல்லிவையுங்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். அவர் மனம் தேறும்வரை, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு நீங்கள் உடன் அலையலாம். எல்லாவற்றையும்விட, பட்டறையின் பில் புத்தகங்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் பத்திரப்படுத்துங்கள். இந்த வயதுக்கு, குடும்பம் இழந்த ஆண்டு வருமானத்தை 16 ஆல் பெருக்குவார்கள். சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால உயர்வுக்காக வருமானத்தோடு 40 விழுக்காடு சேர்ப்பார்கள். வருமானத்துக்குச் சான்று இல்லாவிட்டால் தீர்ப்பாயமே ஒரு தொகையை ஊகித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வரும் தொகையில் பங்கு கேட்டு யாராவது வீடு தேடி வந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். அப்படிக் கட்டணம் பேசுவது வழக்குரைஞர்களுக்கே தடைசெய்யப்பட்ட ஒன்று. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி கிடைக்கும்.

பழைய புல்லட்:
அவர் பைக்கின் காப்பீட்டு பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். ஆர்.சி.யும் பாலிசியும் அவர் பெயரில் இருந்து, உரிமமும் செல்லுபடியாகி, உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியிருந்தால், அதில் 15 லட்சம் ரூபாய் தனியாக உண்டு. தவறு யாருடையது என்ற கேள்வி அங்கே எழாது. என் தம்பி இறந்தபோது வண்டி அப்பாவின் பெயரில் இருந்ததால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

இருவரின் அம்மா:
ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எழுந்து போனேன். பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்னுடன் வந்து உட்கார்ந்தவர் என் கணவருடைய நண்பரின் மனைவி ஒருவர்தான். "இது உயிருக்கு விலையில்லை, அவர் இருந்திருந்தால் கட்டியிருக்கும் பள்ளிக்கூடப் பணம்" என்று அவர் சொன்ன பிறகே மனுவில் கையெழுத்திட்டேன். காவல் நிலையத்திலிருந்து மீட்ட வண்டியை, நான் பார்த்து அழக் கூடாது என்று நினைத்து, என்னைக் கேட்காமலே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நினைவுப் பயணம் போவதானால் வீட்டு வாசலிலிருந்து கிளம்பாதீர்கள். வண்டிச் சத்தம் கேட்டு, அப்பா வந்துவிட்டார் என்று என் மகள் ஓடினாள்.

கோவைவாசி:
பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டோம். பில் புத்தகங்களை எடுத்துவர நாளை இருவர் பட்டறைக்குப் போகிறோம். என் மனைவி நண்பரின் மனைவியுடன் வீட்டில் இருப்பார். வண்டி இன்னும் காவல் நிலையத்தில்தான் நிற்கிறது. அவரைக் கேட்காமல் அதைத் தொடமாட்டோம்.