கார் மென்பொருளில் கேலிபரேஷன்: ‘அளவுத்திருத்தம்’ பொருந்துமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> கேலிபரேஷனுக்கு அளவுத்திருத்தம் என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, தராசுக்கும் வெப்பமானிக்கும் அந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது. கருவி காட்டுவதை நம்பகமான ஓர் அளவோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துகிறோம். நான் ஒரு பெரிய கார் நிறுவனத்தில் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் துறையில் கேலிபரேஷன் என்பது வேறு வேலை. அங்கே திருத்துவதற்குப் பிழை என்று ஒன்று இல்லை.

எஞ்சினை ஆளும் கணினியை ஈசியு என்போம். அதற்குள் நிரல் தனி, எண்கள் தனி. “சுற்றுவேகத்தைப் பார், உள்ளே வரும் காற்றைப் பார், அட்டவணை சொல்லும் கோணத்தில் தீப்பொறி விடு” என்பது நிரல். அந்த அட்டவணையில் என்ன எண் இருக்க வேண்டும் என்பதை நிரல் எழுதுகிறவர் முடிவு செய்வதில்லை. அதற்கென்று தனிக் குழு உண்டு, பெரும்பாலும் மெக்கானிக்கல் படித்தவர்கள். மடிக்கணினியை வண்டியோடு இணைத்து, எஞ்சின் ஓடும்போதே இன்கா, கேன்ஏப் போன்ற மென்பொருளில் எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். எந்த எண் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்வது ஏ2எல் கோப்பு. இப்படிப்பட்ட எண்கள் ஓர் எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் உண்டு. நிரலைத் தொடாமல் எண்களை மட்டும் மாற்றி, ஒரே மென்பொருளை ஐரோப்பியப் புகைவிதியான யூரோ 6 வண்டிக்கும் இந்தியப் புகைவிதியான பிஎஸ் 6 வண்டிக்கும் கொடுக்க முடிகிறது.

ஓர் உதாரணம்: லடாக்கில் உள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பனிக்காலக் காலையில் அங்கே வண்டியைக் கிளப்பும்போது எரிபொருளை எவ்வளவு கூட்டித் தெளிப்பது? கணக்குப் போட்டு ஓரளவுக்குத்தான் நெருங்கலாம், அப்புறம் வண்டியை அங்கேயே கொண்டுபோய்ப் பார்த்தாக வேண்டும். தீப்பொறியைச் சற்று முந்தி விட்டால் இழுவை கூடும். இன்னும் முந்தினால் எஞ்சின் தட்டும் (நாக்கிங்), நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும். ஆக, ‘சரியான அளவு’ என்று வெளியே எதுவும் காத்திருக்கவில்லை. சிக்கனம், புகை, ஓட்டும் சுகம் மூன்றுக்கும் நடுவில் ஒருவர் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருகிறார்.

இந்த வேலைக்குப் பதமாக்கல் என்ற சொல்லை முன்வைக்கிறேன். பாகு காய்ச்சுகிறவர் கம்பிப் பதம் பார்த்து இறக்குவது போல, நிலைமை பார்த்துச் செய்யும் முடிவு என்ற பொருள் இதில் இருக்கிறது. எண்களைப் பதமதிப்புகள் எனலாம், செய்கிறவரைப் பதமாக்கப் பொறியாளர் எனலாம்.

> உணவுப் பதப்படுத்தலோடு குழம்பாதா?

‘படுத்தல்’ வேறு, ‘ஆக்கல்’ வேறு. பேசும் இடமும் வேறு. எனக்கு அந்தப் பயம் இல்லை.

> இசைவாக்கம் இன்னும் அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் அதை இன்னொன்றுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். வண்டி ஓட ஓட, ஆக்சிஜன் உணரியைப் பார்த்து ஈசியு தானே எரிபொருள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டிக் கொள்ளும். இதை அடாப்டேஷன் என்கிறோம். இசைவாக்கம் அதற்குத்தான் பொருத்தம். தொழிற்சாலையில் மனிதர் வைத்த எண்ணும், சாலையில் வண்டி தானே கற்ற எண்ணும் ஒரே பெயரில் இருந்தால் பழுது பார்க்கிறவர் திண்டாடுவார்.

அளவுத்திருத்தத்தைக் காரிலிருந்து விரட்டச் சொல்லவில்லை. முன்கண்ணாடி மாற்றிய பிறகு ஓட்டுநர் உதவிக் கேமராவைச் சரிபார்ப்பதும் கேலிபரேஷன்தான். அங்கே பழைய சொல்லே சரி.

இதில் நான் பிடிவாதமாக இருக்க இன்னொரு காரணம் உண்டு. 2015இல் அம்பலமான, சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியை ‘மென்பொருள் மோசடி’ என்றே பலரும் எழுதினோம். வண்டி சோதனைச்சாலையில் ஓடுகிறதா என்று கண்டறிய, எத்தனை நொடியில் எவ்வளவு தூரம் என்ற வரம்புகள் ஈசியுவில் எண்களாகவே வைக்கப்பட்டிருந்தன. நிரலை மட்டும் தணிக்கை செய்தால் இது அகப்படாது, எண்களையும் படிக்க வேண்டும். அதைத் தமிழில் விளக்க முயலும்போது ‘அளவுத்திருத்தத் தரவில் மோசடி’ என்று எழுதினால், ஏதோ அளவுகருவியில் கோளாறு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அடுத்து மேப் இருக்கிறது, அதாவது சுற்றுவேகம், காற்று என்று இரண்டு அச்சுகளில் எண்களை அடுக்கிய அட்டவணை. வரைபடம் என்றால் வழிகாட்டிப் படம் என்று ஆகிவிடும், எனவே ‘பத அட்டவணை’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். ஒரே அச்சு உள்ளதற்கு ‘பதக்கோடு’ சரிவருமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.